சர்க்கரை நோட்டு

வயிற்றில் பிள்ளையைச் சுமந்திருந்த மாதங்களில் நான் பொய்க் கணக்கு எழுதினேன். கடைக் கணக்கு இல்லை, வருமான வரிக் கணக்கும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதி வரச் சொல்லி மருத்துவமனையில் கொடுத்த சர்க்கரை நோட்டு. மெஷின் 171 என்று காட்டும். நான் 114 என்று எழுதுவேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்கு நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறவள். கரும்பலகையில் கணையத்தை வரைந்து, லாங்கர்ஹான் திட்டுகளைப் புள்ளி வைத்துக் காட்டி, இன்சுலின் என்ன வேலை செய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பரீட்சை ஹாலில் பிட் வைத்திருக்கிற பிள்ளையை அது உட்காருகிற விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் உண்டு.

எங்கள் ஊர் புதுப்பட்டினம். கல்பாக்கம் டவுன்ஷிப்பை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கடைகளாகப் பெருகிய ஊர். டவுன்ஷிப்காரர்களும் குப்பத்துக்காரர்களும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும் சாமான் வாங்க இங்கேதான் வர வேண்டும். என் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். 2015-ல் எங்களுக்கு முதல் குழந்தை. நான் அப்போது ஒல்லி. சேலை கட்டினால் கம்புக்குச் சுற்றியது போல இருக்கிறது என்று என் அம்மாவே சொல்லுவாள். சர்க்கரை என்பது குண்டாக இருப்பவர்களுக்கும் ஐம்பது தாண்டியவர்களுக்கும் வருவது என்றுதான் எங்கள் இரண்டு வீட்டிலும் நினைப்பு. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் பல வருஷங்களாகச் சொல்லி வருவது இதற்கு நேர் எதிர். நம் நாட்டுக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் பிறக்கின்றன. ஒல்லி உடம்புக்குள்ளேயே சர்க்கரைக்கு இடம் தயாராக இருக்கிறது. இதை நான் பிற்பாடு படித்தேன். படித்திருந்தாலும் அப்போது என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

ஆறாவது மாதம் முடிகிற சமயம் குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொன்னார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஒரே மூச்சாகக் குடிக்க வேண்டும். குமட்டிக்கொண்டு வரும். வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி இன்னொரு நாள் குடிக்க வேண்டுமே என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு மரநிழல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கர்ப்பிணிகளை எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

இந்தப் பரிசோதனை இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணம் ஒரு சென்னை மருத்துவர், டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வா, மறுபடி மறுபடி ரத்தம் கொடு என்கிற பழைய முறை நம் ஊருக்கு ஒத்துவராது என்பதை அவர் கவனித்தார். முதல் பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணியைப் பட்டினி போடவும் முடியாது. இன்று சாப்பிட்டுவிட்டாய், நாளைக்கு வா என்று அனுப்பினால் அவள் திரும்பி வரவும் மாட்டாள். சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, வந்த அன்றைக்கே செய்துவிடு என்று அவரும் அவருடைய குழுவினரும் வகுத்த முறைதான் இது. 2007-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்தது 2014-ல். 2008-ல் வெளியான அவர்களுடைய தமிழ்நாட்டு ஆய்வில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. புதுப்பட்டினம் மாதிரி ஊரை நடுக் கணக்கில் சேர்த்தால் நூறு பேரில் பதினாலு பேர். நான் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை. இந்த மாநிலம் எனக்காகச் செய்ய வேண்டியதை என் வாசல் வரை கொண்டுவந்து செய்துவிட்டது. கெடுத்தது நான்.

எனக்கு 186 வந்தது.

மருத்துவர் மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம், நடங்கள், பெரும்பாலான பேருக்கு இதுவே போதும், போதாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ கொடுக்கலாம், குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடலாம். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். குளுக்கோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், இந்த நோட்டில் எழுதி வாருங்கள்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு நோய் என்ற எண்ணமே வரவில்லை. ஃபெயில் ஆகிவிட்டேன் என்ற எண்ணம்தான் வந்தது. படித்த காலம் முழுக்க ரேங்க் கார்டில் சிவப்பு மையே பார்க்காதவள் நான். அந்த 186 சிவப்பு மையில் எழுதின மார்க் மாதிரி என் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பைத்தியக்காரத்தனத்திலிருந்துதான் மற்றதெல்லாம் முளைத்தது.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தேன். இரண்டு இட்லி, அதற்கு மேல் சாம்பாரும் சுண்டலும். மத்தியானம் சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டிக்கொண்டேன். கடலோரத்தில் இருந்துகொண்டு இதற்குக் கஷ்டப்பட வேண்டியதே இல்லை. சங்கராவும் நெத்திலியும் வாசலுக்கே கூடையில் வரும். சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைப் பக்கம் கடற்கரையில் நடப்போம். நோட்டில் 108, 111, 104 என்று வந்தது. அதெல்லாம் நிஜ எண்கள். மேடம் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "குட், ரொம்ப நல்லா மெயின்டெய்ன் பண்றீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கல்யாணமாகி, வேலைக்குப் போய், வயிற்றில் பிள்ளையும் வாங்கிக்கொண்ட ஒருத்தி, டீச்சரிடம் நட்சத்திரம் வாங்கின ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் கோடை நன்றாக ஏறியது. கடற்கரைச் சாலை நெடுக நுங்கும் பதநீரும் வந்து இறங்கின. வீட்டில் பங்கனப்பள்ளி. "பழம்தானே, இயற்கையா வர்ற இனிப்பு ஒண்ணும் பண்ணாது" என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், பனைவெல்லம் மருந்து என்பது எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. கணையத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். வளைகாப்பன்று ஏழு வகைச் சாதம் வைத்தார்கள், சர்க்கரைப் பொங்கலையும் சேர்த்து. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு உசுருக்கு சாப்புடணும்மா" என்று ஊட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அத்தை கோபித்துக்கொள்கிற ஆளே இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். எனக்குச் சர்க்கரை என்பது கூடியிருக்கிற நாற்பது பெண்களுக்கும் தெரிந்துபோகும். அதோடு, மறைக்காமல் சொல்லுகிறேன், எனக்கும் பசி, எனக்கும் ஆசை.

அன்றைக்கு 204. நோட்டைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விசேஷ நாள், ஒரு நாள்தானே என்று 118 என்று எழுதினேன். 120-க்குள் எவ்வளவு அதிகமாக எழுதினால் நம்பும்படி இருக்கும் என்று யோசித்து எழுதின எண் அது.

முதல் பொய்க்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிறகு கை தானாக எழுதியது. மருத்துவமனையில் பார்க்கிற ரத்தமும் நோட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் அதற்கும் ஏற்பாடு செய்துகொண்டேன். செக்கப்புக்கு முந்தின இரண்டு நாளும் வாயைக் கட்டுவேன். அன்றைக்குக் காலையில் எண்ணி இரண்டு இட்லி. செங்கல்பட்டு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்து, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, திரும்புகிற வழியில் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி போண்டாவும் காபியும் சாப்பிடுவேன், அன்றைய கடமை முடிந்தது என்கிற நிம்மதியோடு. மெஷினையும் எடுத்து வந்தீர்களா என்று ஒரு தடவை நர்ஸ் கேட்டாள். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். மெஷினுக்கு ஞாபகசக்தி உண்டு, பட்டனை அமுக்கினால் பழைய எண்ணெல்லாம் தேதியோடு வரும் என்பது எனக்குத் தெரியும்.

இன்சுலின் ஊசிக்குப் பயந்துதான் செய்தேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, "ஊசி ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது" என்று சொன்னதும் உண்மைதான். ஆனால் நான் அதை நம்பவில்லையே! கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மழுக்குகின்றன. நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் ஊசிக்கு வேலை இல்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு சர்க்கரை நோயுள்ள பெண் கருத்தரிப்பதே அரிது, தரித்தாலும் தாயும் பிள்ளையும் பிழைப்பது அதைவிட அரிது. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்ட கதையை நான் வகுப்பில் நாடகம் மாதிரி நடித்தே காட்டுவேன். எனக்கு ஊசி பயமில்லை. எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது என்று பெருமை பேசுகிற வீட்டில் பிரிட்ஜைத் திறந்து இன்சுலின் எடுக்க வேண்டுமே, அந்த வெட்கம்தான்.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதுவும் எனக்கு அப்போதே தெரிந்ததுதான். தாயின் ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகத் தாராளமாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வருகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னக் கணையம் தானே இன்சுலினை மிகையாகச் சுரக்கும். கோபன்ஹேகனில் பெடர்சன் என்ற மருத்துவர் 1950-களிலேயே இதை விளக்கிவிட்டார். வயிற்றுக்குள் இன்சுலின் குழந்தைக்கு வளர்ச்சி ஊக்கி மாதிரி; தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும். தலை வந்து தோள் மாட்டிக்கொள்கிற பிரசவம், கை நரம்பு பாதிக்கப்படுவது, பனிக்குட நீர் அளவுக்கு மீறுவது, தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறுவது, கடைசி வாரங்களில் வயிற்றுக்குள்ளேயே இதயத் துடிப்பு நின்றுபோவது, இவ்வளவும் அந்தக் கணக்கில் அடங்கும். ஒரு மாம்பழம் சாப்பிட்டால் இதெல்லாம் நடந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறவர்கள் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

120-க்குள் என்றால் பாஸ், 121 என்றால் ஃபெயில் என்று நான் போட்ட கணக்கே அடிப்படையில் தப்பு. 2008-ல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வின் முடிவு வெளியானது. 9 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு. சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் சிசேரியனும் குழந்தையின் இன்சுலினும் படிப்படியாக ஏறிக்கொண்டே போகின்றன, இந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது என்று ஒரு கோடு கிடையாது என்று அது காட்டியது. எங்கேயாவது கோடு போட்டால்தான் வைத்தியம் பண்ண முடியும் என்பதால் மருத்துவர்கள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். 118 என்று எழுதி நான் யாரை ஏமாற்றினேன்? மேடத்தை. வயிற்றுக்குள் இருந்தவளுக்கு மெஷினின் கணக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஜூலையில் பிறந்தாள், சிசேரியன்தான். 4.3 கிலோ. வராந்தாவில் ஒரே கொண்டாட்டம். என் கணவர் போனில் எல்லாருக்கும் எடையைத்தான் முதலில் சொன்னார். "கொழுகொழுன்னு ராஜாத்தி மாதிரி பொறந்திருக்கா, தாய் நல்லா சாப்ட்டதாலதான்" என்று அத்தை திருஷ்டி கழித்தார். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அந்த எண் என் காதில் விழுந்தது. அந்த அறையில் அதைக் கேட்டுச் சந்தோஷப்படாத ஒரே ஆள் நான்.

கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குக் கை கால் வெடவெடவென்று நடுங்கியது. பாலை இழுக்கவில்லை. துவண்டுபோய்க் கிடந்தாள். குதிகாலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 26. பிறந்த குழந்தைக்கு 45-க்குக் கீழே போகக் கூடாது. தொப்புள்கொடியை வெட்டினதும் என்னிடமிருந்து போய்க்கொண்டிருந்த சர்க்கரை நின்றுவிட்டது. மாதக்கணக்கில் பழகிய அவளுடைய கணையத்துக்கு அது தெரியவில்லை, இன்சுலினைச் சுரந்துகொண்டே இருந்தது. தூக்கிக்கொண்டு போய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றினால் ஏறும், குறைத்தால் மறுபடி இறங்கும்.

குழந்தை மருத்துவர் என் கட்டிலுக்கு வந்து கேட்டார். "கடைசி ரெண்டு மாசம் சுகர் எப்படிம்மா இருந்தது? கண்ட்ரோல்லதானே?"

"ஆமாம் டாக்டர். 120-க்குள்ளதான். நோட்டு இருக்கு."

நான் செய்ததிலேயே மோசமானது இதுதான். நோட்டில் எழுதின பொய்களுக்காவது ஏதோ ஒரு பேதைமை இருந்தது. இந்தப் பொய்யைச் சொன்னபோது என் மகள் இரண்டு அறை தள்ளி ஊசியோடு கிடந்தாள், ஏன் கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தாய்க்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்திருக்கிறது, அப்படியும் குழந்தைக்கு இறங்கிக்கொண்டே போகிறது என்றால் வேறு காரணத்தைத் தேடத்தான் செய்வார்கள். கிருமித் தொற்றாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் அந்த ஊசிகளுக்குக் காரணம் நோய் இல்லை, என் வாய்.

சாயங்காலம் அவர் நோட்டோடு திரும்பி வந்தார். "இந்த எடைக்கும் இந்த நோட்டுக்கும் பொருந்தலையேம்மா" என்றார். குரலில் கோபமில்லை, விடை வராத கணக்கைப் பார்க்கிறவரின் குரல். நான் சொல்லிவிட்டேன். அழுது அரற்றி எல்லாம் இல்லை. "அதெல்லாம் நானா எழுதினது டாக்டர்" என்றேன், அவ்வளவுதான். அவர் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினார். இப்படி எத்தனையோ நோட்டு பார்த்திருக்கிறாராம். எல்லா நாளும் ஒரே மை, ஒரே சாய்வு, மூன்று நாள் கணக்கை ஒரே மூச்சில் எழுதினது தெரியும். குத்தின விரலால் பேனா பிடிக்கிறவர்கள் நோட்டில் எங்கேயாவது ஒரு ரத்தப் பொட்டு இருக்கும், என் நோட்டில் ஒன்றுகூட இல்லை. மெஷினையும் கையோடு கொண்டு வரச் சொல்லாதது எங்க தப்பு என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தத் தப்பில் அவர் பங்கு கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மகள் தேறிவிட்டாள். வீட்டுக்கு வந்தோம். இதோடு நான் திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன், திருந்தவில்லை.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும், அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. இப்படி ஒரு தடவை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று ஒரு கணக்கு. பத்து மடங்கு வரை போகும் என்று 2020-ல் வந்த இன்னொரு கணக்கு. சர்க்கரை இருப்பது தெரியாமலே அடுத்த கர்ப்பம் தரித்தால் குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகிற முதல் வாரங்களிலேயே கேடு நடந்துவிடும். இந்தப் பரிசோதனைக்குத் தனியாக அலைய வேண்டியதுகூட இல்லை. குழந்தைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே வெறும் வயிற்றோடு போனால் போதும். எனக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் அன்றைக்குக் காலையில் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுப் போனேன். மறந்துபோய் இல்லை. "அய்யோ சாப்ட்டுட்டேனே சிஸ்டர், அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லுவதற்காகவே சாப்பிட்டேன். மறுபடியும் அந்தச் சிவப்பு மை எண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிள்ளைக்கு ஊசி போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது, ஆனால் அவர்களுக்குக் கைக்குழந்தை, தூக்கமின்மை, துணைக்கு ஆளில்லாமை என்று ஆயிரம் நியாயம் உண்டு. எனக்கு அம்மாவும் அத்தையும் போட்டி போட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வருஷங்கள் போயின. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்ச் மாதம் என்னைப் பேசச் சொன்னார்கள். மார்ச் 10 தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். டாக்டர் சேஷய்யாவின் பிறந்த நாளையே அதற்காக வைத்திருக்கிறார்கள். பிரமாதமாகப் பேசினேன். பெடர்சன், குளுக்கோஸ் தண்ணி, 140, ஆறாவது வாரப் பரிசோதனை எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். ஒரு சத்துணவுப் பணியாளர் அக்கா வந்து, "டீச்சர், என் மருமகளுக்கு இது வந்துச்சு, பொறந்ததும் சரியாப்போச்சுன்னு விட்டுட்டோம், போய்ப் பாக்கணுமா?" என்று கேட்டார். உடனே பாருங்கள் என்றேன். நான் பார்த்தேனா என்று அவர் கேட்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வருகிற பெண் ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வந்தாள். அத்தைக்கு பிரஷர் பார்க்க வந்தவள் என்னையும் உட்காரச் சொன்னாள். விரலை நீட்டாமல் இருக்க எந்தக் காரணமும் தோன்றவில்லை. 268. என்னுடைய வகுப்பில் படித்த பெண் அவள். "மெஷின்ல ஏதோ கோளாறு மாதிரி இருக்கு டீச்சர், திரும்பப் பாப்போம்" என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். மெஷினில் கோளாறு இல்லை என்றேன்.

இப்போது மாத்திரை போடுகிறேன். கண்ணையும் சிறுநீரகத்தையும் வருஷம் ஒரு தடவை பார்க்கிறார்கள். எனக்கு வந்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை, கேட்டு வாங்கினது. வருத்தமெல்லாம் மகளைப் பற்றித்தான். அவளுக்குப் பத்து வயது. வயதுக்கு மீறின எடை. தாய்க்குக் கர்ப்பத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் பிள்ளைக்கு உடல் பருமனும் இளம் வயதிலேயே சர்க்கரையும் வருகிற வாய்ப்பு கூடுதல் என்பது அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடி மக்களிடம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதினது. அவள் எடைக்கு அதுதான் முழுக் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. பரோட்டாவுக்கும் செல்போனுக்கும் பங்கு உண்டு. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டைப் பார்க்கிறபோது எனக்கு அந்தப் பரோட்டா ஞாபகம் வருவதில்லை. மூன்றாவது தோசைக்குக் கை நீட்டினால் என் முகம் மாறிவிடுகிறதாம். "என்னை மட்டும் ஏம்மா திட்டற?" என்று கேட்கிறாள். நான் பட்ட கடனுக்கு அவளிடம் வட்டி வசூலித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே புரிகிறது, புரிந்தும் மறு நாள் அதே முகம்தான்.

இதை எழுதலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். நோட்டு விஷயம் அவருக்கு அன்று வரை தெரியாது. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கழித்து, "மாம்பழம் வாங்கிட்டு வந்ததே நான்தானே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் தெரியாமல் வாங்கி வந்தார். அந்தப் பாவம் மன்னிப்புக்கு உரியது. என்னுடையதோடு அதைக் கலக்க நான் சம்மதிக்கவில்லை.

மகளுக்கு ஒரு சர்க்கரை மருத்துவரைப் பார்க்கிறோம். பிறப்பு விவரம் கேட்டார்; அம்மாவுக்கு எவ்வளவு இருந்தது என்று ஏதாவது பதிவு இருக்கிறதா என்றார். அவள் பெரியவளாகி, கல்யாணமாகி, அவளும் குளுக்கோஸ் தண்ணி குடிக்கப் போகிற நாளிலும் இதைத்தான் கேட்பார்கள். பரணில் தேடிப் பழைய மெஷினை எடுத்தேன். பேட்டரி மாற்றியதும் உயிர் வந்தது. பட்டனை அமுக்கி அமுக்கி, தேதி வாரியாக நிஜ எண்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். 204, 171, 189. ஜூன் மாதத்துக்கு வந்தபோது எண்களே இல்லை. தேதிகள் தாவின. நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த நாட்களுக்கெல்லாம் நோட்டில் எண் இருக்கிறது, மெஷினில் இல்லை. மெஷின் காட்டினதைக் குறைத்து எழுதினேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன், இந்தக் கட்டுரையின் ஆரம்பத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கடைசி மாதம் முழுக்க விரலையே குத்திக்கொள்ளவில்லை. அந்தத் தேதிகளுக்கு நேரே தெரியாது என்று எழுதி மருத்துவரிடம் கொடுத்திருக்கிறேன்.